ஓடை வாயில் வெட்டிய கரம்பை

அண்ணனுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது சீப்புதான். ஒரு வெள்ளிக்கிழமை, நீ கண்மாயில் வெட்டி மூட்டை கட்டி வைத்திருந்த கரம்பை மண்ணில் ஒரு கை எடுத்து ஊறவைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தேன். தலை காய்ந்ததும் வாரினேன். சீப்பின் பல்லுக்கு அடியில் எப்போதும் கருப்பாகத்தான் அழுக்குச் சேரும். அன்றைக்கு அந்தக் கருப்புக்குள் வெள்ளிப் பொடி தூவினது மாதிரி ஒரு மினுக்கம். வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒட்டிக்கொண்டது. அந்த மினுக்கம் எனக்குப் புதிது இல்லை. அப்பா பட்டாசுக் கம்பெனியிலிருந்து போட்டுக்கொண்டு வருகிற சட்டையில் அது இருக்கிறது. அந்தச் சட்டையைத் துவைக்கிற கல்லில் எத்தனை தேய்த்தாலும் போகாமல் அது இருக்கிறது. அலுமினியப் பொடி. பேன்சி வெடியை வானத்தில் வெள்ளையாகப் பூக்கவைக்கிறது அதுதான். அது என் தலைக்குள் எப்படி வந்தது என்று நான் யோசித்த நேரத்தில் நீ வாசலில் நின்று யாரிடமோ போனில், “மாவுக் கரம்பை அண்ணாச்சி, கையில பிடிச்சா மைதா கணக்கா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

இந்தக் கடிதத்தை அம்மா எழுதியிருக்க வேண்டும். கல்யாணம் முடித்து, பிள்ளைக்குத் தகப்பன் ஆகப்போகிற மகனுக்குப் புத்தி சொல்வது தாயின் வேலை. அவள் இல்லை. அவள் இறந்துபோன வருஷம், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் அடுப்படிக்கு வந்தேன். அன்றிலிருந்து உனக்குச் சோறு வடித்ததும், உன் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், உன் கல்யாணத்துக்கு மதினி வீட்டார் முன்னால் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்றதும் நான்தான். அம்மா செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் என் தலையில் கட்டினீர்களே, இதையும் நானே செய்துவிடுகிறேன். நான் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கமாட்டேன் என்பது உனக்கு எப்போதும் வசதியாக இருந்தது. நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ மூன்று சொல் சொல்லிச் சிரித்துவிடுவாய். எழுதும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. இதை நான் மடித்து ஒளித்து வைக்கப்போவதும் இல்லை. அப்பா படிக்கட்டும். உன்னிடம் கரம்பை வாங்க வருகிறவர்களும் படிக்கட்டும்.

உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம். ஊர் ஓடை எங்கே தொடங்குகிறது என்று உனக்குத் தெரியும். அச்சாபீஸ்கள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் தொடங்கி, லாரி செட்டுகளின் ஓரமாக, கம்பெனிக் கூரைகளில் விழுகிற தண்ணீரையும் ரோட்டுத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு நம் கண்மாயில் வந்து விழுகிறது. கோடை முழுக்க அந்தக் கூரைகளிலும் ரோட்டிலும் படிகிற தூசி, சிந்துகிற மை, ஒழுகுகிற ஆயில், வேலை முடிந்து கழுவி விடுகிற மருந்துப் பொடி, எல்லாமே முதல் மழைக்காகக் காத்துக்கிடக்கும். முதல் மழைத் தண்ணீர் எப்படி வரும் என்று நம் வீட்டு வாசலிலிருந்து எத்தனை வருஷம் சேர்ந்து பார்த்திருக்கிறோம். முதலில் சாம்பல் நிறத்தில் நுரையோடு வரும். பிறகு கருப்பாக, மேலே எண்ணெய் பல நிறத்தில் சுழன்றுகொண்டு வரும். ஒரு வாரம் கழித்துக் கண்மாய்த் தண்ணீர் தெளிந்துவிடும். “பாத்தியா, கண்ணாடி கணக்கா கெடக்கு” என்பாய். அப்பாவின் சட்டையை நான் வாளியில் ஊறப்போட்டால் முதலில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். அசையாமல் விட்டுவிட்டால் காலையில் மேலே தெளிந்திருக்கும், அடியில் சாம்பலாய் வண்டல் உட்கார்ந்திருக்கும். அழுக்கு எங்கும் போகவில்லை, கீழே போயிருக்கிறது, அவ்வளவுதான். கண்மாயும் ஒரு வாளிதான். ஓடித் துள்ளி வருகிற தண்ணீர் கண்மாய்க்குள் நுழைந்ததும் நடை தளர்ந்து, சுமந்து வந்ததை அந்த ஓடை வாயிலேயே இறக்கிப் போட்டுவிடுகிறது. வருஷா வருஷம் அங்கே ஒரு படிவு. மணல் கலக்காமல், கல் இல்லாமல், மாவு மாதிரி. கண்மாய் வற்றினதும் எல்லாரும் நடுக் கண்மாயில் கரம்பை வெட்டினால், நீ மட்டும் டிராக்டரை ஓடை வாய்க்குக் கொண்டுபோனாய். அங்கேதான் நயமான மண் இருக்கிறது என்று கண்டுபிடித்ததை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாய். அது ஏன் அங்கே நயமாக இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டாயா?

நீ கேட்கமாட்டாய். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்குப் பல் விழுந்துகொண்டிருந்த வயதில் ஒரு முதல் மழைக்கு மறுநாள் கண்மாயில் கெண்டையும் கெளுத்தியும் வயிறு மேலே தெரிய மிதந்தன. நீ லுங்கியில் அள்ளிக்கொண்டு ஓடி வந்து, “அம்மா, வலையே போடாம பிடிச்சேன்” என்று குதித்தாய். அம்மா ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தாள். உள்ளே கருப்பாக இருந்தது. “தண்ணிக்குள்ள கெடந்ததே தண்ணி தாங்காம செத்திருக்கு, அத நீ திங்கவா போற?” என்று கேட்டு, அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தாள். நீ அன்று முழுக்கச் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு கிடந்தாய். இத்தனை வருஷம் கழித்தும் நீ அந்த மீனைத்தான் அள்ளிக்கொண்டு வருகிறாய். புதைக்கத்தான் அம்மா இல்லை.

சீப்பை உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். ஞாபகம் இருக்கிறதா? நீ வண்டிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாய்.

“அண்ணே, இது அப்பா சட்டையில இருக்குற பொடில்லா?”

“ஏ பாப்பா, அது காக்காப்பொன்னு. மண்ணுல மினுங்கத்தான் செய்யும். ஓடக்கல்லுல பாத்ததில்ல?”

“காக்காப்பொன்னு தகடு தகடா இருக்கும். இது கையில ஈஷுது.”

“அப்ப உன் தலையில வெள்ளி வெளையுதுன்னு வச்சுக்க. மாப்பிள்ள வீட்டுக்காரன் பவுனே கேக்க மாட்டான்.”

பக்கத்தில் நின்ற உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். நான் உள்ளே வந்துவிட்டேன். அப்போதும் எனக்கு அது என் தலைமுடி சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் இருந்தது. இனிமேல் சீயக்காய் போட்டுக்கொள்வோம் என்று விட்டிருப்பேன். மதினியைப் பார்க்காமல் இருந்திருந்தால் விட்டேதான் இருப்பேன்.

மதினிக்கு மசக்கை அடங்கின பிறகும் வாய் ஊறிக்கொண்டே இருந்தது. முதலில் திருநீறு. பிறகு சுவரில் தண்ணீர் தெளித்து மோந்து பார்ப்பது. ஒரு மத்தியானம் நான் கம்பெனிக்குப் பட்டாசு டப்பா ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கடக் கடக்கென்று சத்தம் வந்தது. திரும்பினேன். மடியில் கரம்பைக் கட்டி. ஒரு மூலையைக் கடித்து, கண்ணை மூடிச் சுவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பல் இடுக்கெல்லாம் கருப்பு.

“என்ன மதினி இது?”

“உங்க அண்ணன் கொண்டாந்த அல்வா. வேணுமா? மழ பேஞ்ச மாதிரி மணக்கு, பாப்பா. சோறு எறங்க மாட்டேங்கு, இது எறங்குது.”

“யாரு குடுத்தா?”

“அவுகதான். நான் மூட்டையில கைய விட்டுக்கிட்டிருந்தத பாத்துட்டு, நல்ல கட்டியா பொறுக்கி டப்பால போட்டு வச்சிருக்காக. கல்லு இருந்தா பல்லுல படுமேன்னு ஒடச்சு வேற பாத்துக் குடுத்தாக.”

கல் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தாயாம். உன் அக்கறை அதோடு முடிந்துவிட்டது. அப்பா வேலை செய்கிற இடத்தில் மருந்துக் கையைக் கழுவாமல் தூக்குச்சட்டியைத் தொட்டால் போர்மேன் கத்துவார் என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். மருந்து ரூமில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். குளிக்காமல் வீட்டுக்கு வரக்கூடாது. அங்கே அத்தனை பயந்து கழுவி விடுகிற தண்ணீர், ஓடை வழியாக வந்து, கண்மாயில் உட்கார்ந்து, காய்ந்து, உன் டிராக்டரில் ஏறி, டப்பாவில் அடைந்து, மதினி வாய்க்குள் போகிறது. அந்த வாய் அவளுடைய வாய் மட்டுமில்லை. உள்ளே ஒன்று கிடக்கிறது. அது வேண்டாம் என்று சொல்லத் தெரியாதது.

அன்று சாயங்காலம் நான் உன்னிடம் மறுபடி வந்தேன். காரியாபட்டிப் பக்கமிருந்து தோட்டத்துக்கு லோடு கேட்டு ஒரு பெரியவர் வந்திருந்தார். நீ அவருக்கு மண்ணைக் கையில் கொட்டிக் காட்டிக்கொண்டிருந்தாய். வெளி ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும், “அண்ணே, மதினி இத திங்குது. டவுன் தண்ணி மண்ணு இது. வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெரியவர் உன்னைப் பார்த்தார். நீ என்ன செய்தாய்? சிரித்துக்கொண்டே ஒரு கட்டியை எடுத்து, “இந்தா பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்று வாயில் போட்டு மென்று விழுங்கினாய். “எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி, அவளே திங்கா. விஷமா இருந்தா வீட்டுக்குள்ள வப்பனா?” என்றாய். அவர் சமாதானமாகி லோடு சொல்லிவிட்டுப் போனார். நீ மதினியைக் காட்டி மண் விற்றாய். அந்த இடத்தில் உன்மேல் எனக்கு இருந்த மரியாதை போனது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் என்னிடம் நெஞ்சைத் தட்டிக் காட்டினாய். உனக்கு ஏன் ஆகப்போகிறது? உனக்கு மூளை வளர்ந்து முடிந்துவிட்டது என்று மதினிக்கு மாத்திரை கொடுக்க வருகிற நர்ஸ் அக்கா சொல்வார். எனக்கு அதிலும் சந்தேகம்தான்.

நர்ஸ் அக்காவிடம் சொன்னது நான்தான். யார் போட்டுக்கொடுத்தது என்று நீ ஊரெல்லாம் தேடினாயே, தேட வேண்டாம். மாத்திரை கொடுக்க வந்தவரைத் தெருமுனை வரை பின்தொடர்ந்து போனேன். அவரே நின்று, “என்ன பாப்பா, பேசாமலே வாரே?” என்று கேட்ட பிறகுதான் சொன்னேன். அவர் திரும்பி வந்தார். மதினியின் இமையை இழுத்துப் பார்த்தார். நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

“ரத்தம் கம்மியா இருந்தா மண்ணு திங்கத் தோணும். அதுக்குத்தான் மாத்திர. நீங்க மாத்திரைய மாடக்குழில போட்டுட்டு மண்ணத் திங்கிறீகளா?” என்று மதினியைக் கடிந்தார். பிறகு உன்னைப் பார்த்து, “எந்த மண்ணு?” என்றார்.

“நம்ம கண்மாய்க் கரம்பதான்க்கா. சுத்தமானது.”

“ஓட விழுற கண்மாயா? அதுல ஈயம் இருக்கா வேற என்ன இருக்குன்னு சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும். நான் பாத்ததும் சொல்ல முடியாது. ஆனா ஈயம் இருந்து தாய் உடம்புல ஏறுனா பிள்ளைக்கும் போகும். மூளை வளரவிடாம பண்ணும். சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி விவரத்தச் சொல்லுங்க. இன்னையோட இத நிறுத்துங்க.”

“சரிக்கா, சரிக்கா” என்றாய். அவர் தெரு தாண்டினதும், “சோதிச்சாத்தான் தெரியுமாம். தெரியாமலே பேசிட்டுப் போகுது” என்றாய். தெரியாது என்ற ஒரு சொல்லை நீ உனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாய். தெரியாத ஒன்றை வயிற்றுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று உனக்குத் தோன்றவில்லை. நான் அப்பாவிடம் போனேன். அப்பா, “கரம்ப சீசன் முடியட்டும் பாப்பா, பேசிக்கிடுவோம்” என்றார். பிள்ளை சீசன் பார்த்துக்கொண்டா வயிற்றில் வளர்கிறது?

உனக்கு மதினிமேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதுதான் இதில் மோசம். வளைகாப்புக்கு நீ வாங்கி வந்த வளையலை மதினி ராத்திரி கூடக் கழற்றமாட்டேன் என்றாள். கேட்டதை எல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறவன் நல்ல புருஷன் என்று உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு அது நெருப்பைக் கேட்கும், பிளேடைக் கேட்கும். அப்போதும் நயமானதாகப் பார்த்துக் கொடுப்பாயா? இல்லை என்று சொல்லிவிட்டு அது அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தகப்பன் வேலையில் பாதி அதுதான். உன்னை முறைக்கவிட்டு அம்மா மீனைப் புதைத்தாளே, அது மாதிரி. எனக்கு இதைச் சொல்ல வயது போதாது என்பாய். சோறு பொங்க வயது போதுமாக இருந்தது.

நேற்று மதினியைப் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக வேன் வந்தது. பெண்கள் எல்லாம் கலர் கலராக நின்றார்கள். நீ சாப்பாட்டுக் கூடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை கரம்பையைத் தூக்கி வைத்தாய். சின்னதாக, வாயை நூலால் தைத்து. “அங்கன போயி மண்ணுக்கு அலையக் கூடாதுல்ல” என்று மதினியின் அம்மாவிடம் சொன்னாய். அந்த அம்மா சிரித்தார்கள். பிரசவம் வரை தின்னப் போதும் அந்த மூட்டை.

நான் போய் வேனுக்கு முன்னால் நின்று, “அந்த மூட்ட போகக்கூடாது” என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எல்லாரும் திரும்பினார்கள்.

“நாத்தனா மொற செய்யலன்னு கோவிச்சுக்கிடுதா போல” என்றாய் நீ. சிரிப்பு. யாரோ, “ஒரு சேல எடுத்துக் குடுலே தங்கச்சிக்கு” என்றார்கள். இன்னும் சிரிப்பு. நான் ஏறி மூட்டையை இழுத்தேன். நீ ஒரு பக்கம் பிடித்தாய். தையல் பிரிந்து வாசலில் போட்ட கோலத்தின் மேல் அத்தனையும் கொட்டியது. எல்லார் சிரிப்பும் நின்றது.

“புள்ளத்தாச்சி கெளம்புற நேரத்துல மண்ண வாரிக் கொட்டுற! நீயெல்லாம் வெளங்குவியா?” என்று கையை ஓங்கினாய். அடித்திருந்தால்கூட நான் சொல்லியிருப்பேன். மதினியின் அம்மாவிடம் நர்ஸ் அக்கா சொன்னதை முழுக்கச் சொன்னேன். ஈயம், மூளை, சாத்தூர் ஆஸ்பத்திரி, எல்லாம். அழுதுகொண்டே சொன்னதால் பாதி புரிந்திருக்காது. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்து, “நெசமா மாப்ள? நர்சு சொல்லியுமா குடுத்தீக?” என்று கேட்டார்கள். நீ வேன் டயரைப் பார்த்தாய். எல்லாரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த கட்டியை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள். வேனில் ஏறிக்கொண்டாள். “நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று அவள் அம்மா சொன்னதை நான் கேட்டேன், நீயும் கேட்டாய். “நான் திரும்பி வரும்போது இந்த வீட்டுல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று கத்திவிட்டு நீயும் அந்த வேனிலேயே போனாய்.

நான் இங்கேதான் இருக்கிறேன்.

வேன் போனதும் கோலத்திலிருந்து மண்ணைக் கூட்டி அள்ளினேன். முற்றத்தில் உன் மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, நனைந்தால் எல்லாம் கரைந்து ஓடும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யோசித்தேன். ஓடையில் கொட்டினால் கண்மாய்க்குப் போகும். கண்மாயில் கொட்டினால் அடுத்த கோடையில் நீயோ உன்னை மாதிரி ஒருவனோ வெட்டுவான். கொல்லையில் கொட்டினால் கோழி கிளறும், கீரையில் ஏறும். குழி தோண்டலாம் என்றால் நம் கிணறு பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. இந்த ஊரில் அந்த மண்ணை வைக்க எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. மழை படாமல், தண்ணீர் ஓடாமல், யாரும் எடுத்துத் தின்ன முடியாமல் ஓர் இடம் வேண்டும்.

முதல் தூறல் விழுந்தது. உன் அறையைத் திறந்து, கட்டிலில் இருந்த மெத்தையைச் சுருட்டி அறைக்கு வெளியே வைத்துவிட்டு, மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து உன் கட்டில்மேல் அடுக்கினேன்.